கேமராவுக்குப் பொத்தான் இல்லை

"வணக்கம், அன்பான ஓட்டுநரே! உங்களுக்கு ஒரு நற்செய்தி!" என்றது கார்.

அக்கா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். விடிந்ததும் விடியாததுமாகக் கார் நற்செய்தி சொன்னால் யாருக்குத்தான் பயம் வராது? போன தடவை அது நற்செய்தி சொன்ன அன்றுதான் ஏசியைக் கூட்டிக் குறைக்கிற திருகு வேலையை நிறுத்திக்கொண்டது. இனிமேல் திரையைத் தொட்டு, உள்ளே போய், இன்னும் உள்ளே போய், 'உங்கள் சௌகரியம்' என்ற இடத்தில் வலது பக்கம் தள்ளினால் காற்று வரும் என்றார்கள். காற்று வருவதற்குள் அவள் இரண்டு சிக்னலைத் தாண்டியிருப்பாள். அதில் ஒன்று சிவப்பாக இருந்திருக்கும்.

"பயன்பாட்டு உறுதி வாரியம் உங்கள் வாகனத்தை இருந்த இடத்திலிருந்தே ஆராய்ந்து முடித்துவிட்டது. ஓட்டுநர்களுக்குப் பயனுள்ள வசதிகள் பாதுகாக்கப்படும். பயனற்றவை வரும் வெள்ளிக்கிழமை காலை நீக்கப்படும். உங்கள் வாகனத்தில் பயனற்றது எனக் கண்டறியப்பட்ட வசதி, பின்பக்கக் கேமரா. வாழ்த்துகள்!"

"எது?" என்றாள் அக்கா.

"மன்னிக்கவும். 'எது' என்ற ஊருக்கு வழி தெரியவில்லை" என்றது கார்.

அவளை டாக்ஸி ஸ்டாண்டில் எல்லோரும் 'திரும்பாத அக்கா' என்பார்கள். குளியலறையில் வழுக்கி விழுந்ததில் கழுத்து போய், ஆஸ்பத்திரியில் உள்ளே தகடு வைத்துத் தைத்து அனுப்பியிருந்தார்கள். அன்றிலிருந்து தோளின் அனுமதி இல்லாமல் அவள் தலை எங்கும் போனதில்லை. பின்னால் நின்று யாராவது கூப்பிட்டால் பீரோவை நகர்த்துவதுபோல ஆள் முழுசாகத் திரும்ப வேண்டும். நின்றுகொண்டிருக்கும்போது அது சரி, கார் சீட்டில் உட்கார்ந்துகொண்டு எப்படித் திரும்புவது? அதனால்தான் அவளுடைய லைசென்சில் ஒரு வரி கூடுதலாக இருந்தது: 'பின்பக்கக் கேமரா உள்ள வாகனம் மட்டும்.'

"என்னங்க! இங்க கொஞ்சம் வாங்களேன்!"

புருஷன் பல் தேய்த்த வாயோடு வாசலுக்கு வந்தார். அவருக்குச் செருப்புக் கடையில் வேலை. வருகிறவர்களுக்குக் கால் அளவு பார்த்துப் போட்டுக்காட்டுவார்.

"என்னவாம் பிரசங்கியம்மாவுக்கு?" என்றார். காரின் குரலுக்கு அவர் வைத்த பெயர் அது.

"பின்னாடி இருக்கற கேமராவ எடுக்கப் போறாங்களாம். அது பிரயோஜனம் இல்லியாம்."

"யாருக்கு?"

"எனக்குத்தானாம்."

"உன்னக் கேட்டாங்களா?"

"என்ன எதுக்குக் கேக்கணும்? எனக்கு என்ன வேணும்னு என்னைவிட அவங்களுக்கு நல்லாத் தெரியுமாம்."

"கேமரா போனா லைசென்சு?"

"அதுவும் கூடவே போகும். அப்புறம் உங்க கடையில நானும் கால் அளக்க வரவேண்டியதுதான்."

"அதுக்குக் குனியணுமே. உனக்குத்தான் கழுத்து..."

"அதுவும் முடியாதா? ரொம்ப நல்லது."

அவர் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, காரின் ஜன்னலுக்குள் தலையை நீட்டினார். "ஏம்மா, அப்ப எதுதான் பிரயோஜனம்?"

கார் மகிழ்ந்துபோய்ச் சொன்னது. "உங்கள் வாகனத்தில் மிகவும் பயனுள்ள வசதி, கோடு தாண்டல் எச்சரிக்கை. அடுத்தது ஓய்வு நினைவூட்டல். அதற்கடுத்தது கையசைவு இசைக் கட்டுப்பாடு."

கையசைவு என்றால், காருக்குள் கையை வீசினால் பாட்டு சத்தம் கூடும். அக்கா இதுவரை ஒரு தடவைகூடப் பாட்டுக்காகக் கை வீசியதில்லை. காருக்குள் ஒரு கொசு இருந்தது. அதை அடிக்கும்போதெல்லாம் பாட்டு அலறும். கொசு மட்டும் சாகாது.

ஸ்டாண்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னபோது மீசை அண்ணன்தான் முதலில் சிரித்தார். மீசை அண்ணனுக்கு இப்போது மீசை கிடையாது. அவருடைய கார் முகம் பார்த்துத் திறக்கிற கார். ஒரு நாள் காலையில் அது அவரை யாரென்று தெரியவில்லை என்று சொல்லிவிட்டது. மீசைதான் குழப்புகிறதோ என்று அவர் மழித்துக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு அவரை அது சுத்தமாகவே மறந்துவிட்டது. இப்போது அவர் மனைவி தினமும் ஸ்டாண்டு வரை வந்து முகத்தைக் காட்டிக் காரைத் திறந்து கொடுத்துவிட்டுப் போகிறாள்.

"என்ன சிரிப்பு வேண்டிக் கெடக்கு, அண்ணே?"

"இல்லக்கா. அந்தக் கோட்டு அலாரம் இருக்கே, நம்ம தெருவுல கோடு போட்டவன் பாதி பேரு வீட்டுத் திண்ணை மேலயே போட்டுட்டுப் போயிட்டான். ரோட்டுல போனாக் கத்துது. போகாட்டியும் கத்துது. அது இல்லாம இருந்தா எனக்கு ரத்தக் கொதிப்பே இருக்காது. அதுக்குப் போயி மொத இடமாம்!"

"எனக்கு அந்த மொத இடம் வேணாம் அண்ணே. என் கடைசி இடம் போதும்."

"அப்ப போயிக் கேளு. வாரியம்னா மனுஷங்கதானே இருப்பாங்க?"

இருந்தார்கள்.

வாரியத்தின் வாசல் கதவில் பிடி இல்லை. அதற்குப் பதிலாக ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினாள். 'உள்ளே வர விரும்புகிறீர்களா?' என்று கதவு கேட்டது. மறுபடி அழுத்தினாள். 'உறுதியாகவா?' என்றது. இன்னொரு தடவை அழுத்தியதும் ஒரு ஆள் நுழையும் அளவுக்கு விலகி, அவள் நுழைவதற்குள் பாதி மூடிக்கொண்டது.

உள்ளே கூடம் பெரிதாக, பளிச்சென்று இருந்தது. சுவரில் ஜன்னல் அளவுக்குச் சில சதுரங்களில் மட்டும் சிமெண்டுப் பூச்சு புதிதாகத் தெரிந்தது. மனு கொடுக்க வந்தவர்கள் சுவரோரமாக நின்றிருந்தார்கள். உட்கார எதுவும் இல்லை. வரவேற்பு மேசைக்குப் பின்னால் இருந்த பெண்ணும் நின்றுகொண்டு, ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, நாற்காலி இல்லியா?"

"இருந்துச்சுங்க. எடுத்துட்டாங்க."

"ஏன்?"

"யாரும் அழுத்தல."

அக்காவுக்கு விளங்கவில்லை. "சரி, படிக்கட்டு எந்தப் பக்கம்?"

"அதையும் எடுத்துட்டாங்கம்மா. லிப்டு இருக்கு. அதுல பொத்தான் இருக்குல்ல?"

"கொஞ்சம் தண்ணி கெடைக்குமா?"

"அதோ, பொத்தான அழுத்துங்க, வரும். கையில பிடிச்சுக்கங்க. டம்ளர்..."

"யாரும் அழுத்தலியா?"

"நீங்க சட்டுனு புரிஞ்சுக்கறீங்க" என்று அந்தப் பெண் முகம் மலர்ந்தாள். "வர்றவங்கள்ல பாதி பேரு இந்த எடத்துல சண்டைக்கு வந்துடுவாங்க."

மேலே மதிப்பீட்டு அதிகாரி அவளை நின்றபடியே வரவேற்றார். அவருடைய அறையில் மேசை இல்லை. காகிதக் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, டீயை ஒரு கையிலும் பேனாவை இன்னொரு கையிலுமாக வைத்திருந்தார். கும்பிட நினைத்து, எதைக் கீழே வைப்பது என்று தெரியாமல் தலையை மட்டும் ஆட்டினார்.

"உக்காருங்கன்னு சொல்ல மாட்டேன்" என்றார். "சொல்லுங்கம்மா."

அக்கா கழுத்தில் தொடங்கி லைசென்சு வரைக்கும் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க சொல்றது எல்லாம் சரி. ஆனா நீங்க அத பயன்படுத்தலியே!"

"தினமும் பாக்கறேங்க! அதப் பாக்காம ஒரு அடி பின்னால போனதில்ல."

"பாக்கறீங்க. அழுத்தறீங்களா?"

"எத அழுத்த? ரிவர்ஸ் போட்டா அது தானா வருது. அதுல பொத்தானே இல்லீங்களே."

"அதான் அதோட குறை" என்றார் அதிகாரி வருத்தத்தோடு. "வாரியம் எப்படி வேலை செய்யுதுன்னு சொல்றேன். ஒரு வசதிய ஓட்டுநர் எத்தனை தடவ தொடறாரு, அழுத்தறாருன்னு பாக்கறோம். நிறைய அழுத்தினா நிறையப் பயன். அழுத்தவே இல்லன்னா பயனில்ல. இதுல ஏதாவது தப்பு இருக்கா?"

"அந்தக் கோட்டு அலாரத்த நாங்க அழுத்தறது அத நிறுத்தறதுக்குங்க!"

"எதுக்காக அழுத்தறீங்கன்னு துருவிப் பாக்கறது நாகரிகமில்லம்மா. அது உங்க சொந்த விஷயம்."

அக்கா கையில் பிடித்திருந்த தண்ணீர் விரல் வழியே ஒழுகித் தீர்ந்துபோயிருந்தது. புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப பிரேக்கு?"

"பிரேக்கு பிரமாதம். அதப் பத்திக் கவலையே இல்ல."

"சீட்டு பெல்ட்டு?"

அவர் கொஞ்சம் தயங்கினார். "பெல்ட்ட அவுக்கற பொத்தானுக்கு நல்ல மார்க்கு. பெல்ட்டுதான் பின்தங்கியிருக்கு."

"அடிபட்டா உப்பி வருமே, அந்தக் காத்துப் பை?"

"அத ஒருத்தரும் திரும்ப வந்து ரெண்டாவது தடவ கேக்கல. மக்களுக்குப் பிடிக்கலன்னுதானே அர்த்தம்?" டீயை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, பேனாவால் மேலே காட்டினார். "இவ்வளவு ஏன், இந்தக் கூரையே பரிசீலனையில இருக்கு. கட்டி இத்தனை வருஷமாச்சு, ஒரு ஆளாவது அதத் தொட்டிருப்பாங்களா?"

"மழ வந்தா?"

"நனையறவங்க மனு குடுக்கலாம். எதையும் நாங்க மூடி வைக்கறதில்ல."

"சரிங்க, அப்ப ஒண்ணு பண்ணுங்க. என் கேமராவுக்கு ஒரு பொத்தான் வெச்சுக் குடுத்துடுங்க. தினமும் அழுத்தறேன். கோயில் மணி மாதிரி அடிக்கறேன்."

"பயனுள்ள வசதிக்குத்தான் பொத்தான் வைக்க முடியும்மா."

"பயனுள்ளதுன்னு எப்படித் தெரியும்?"

"பொத்தான அழுத்தினாத் தெரியும்."

அதிகாரியின் கக்கத்திலிருந்து ஒரு காகிதம் நழுவி விழுந்தது. குனிந்தால் டீ கொட்டும் என்பதால் அவர் அதை எடுக்கவில்லை. குனியவே முடியாது என்பதால் அவளும் எடுக்கவில்லை.

"தலைவரைப் பாத்துடுங்க" என்றார் கடைசியில். "அவர் மனசு வெச்சா எதுவும் நடக்கும்."

அதிகாரி கூடவே வந்து கூட்டிப்போன தலைவரின் அறையில் ஒரு நாற்காலி இருந்தது. அதன் கைப்பிடியில் ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினால் நாற்காலி உயரும், இன்னொரு தரம் அழுத்தினால் இறங்கும். தலைவர் அதை விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தார். நிறுத்தினால் நாற்காலி போய்விடும் என்பது அவருக்கும் தெரியும். ஆகவே கட்டடத்தில் உட்கார்ந்திருந்த அந்த ஒரே மனிதர், வரும் மனுக்களையெல்லாம் மேலே போய்க்கொண்டும் கீழே வந்துகொண்டும்தான் விசாரித்தார். அவர் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டுமென்றால் கழுத்து நன்றாக இருக்கிறவர்களுக்கே சிரமம். அக்கா முழங்காலை மடக்கி நிமிர்த்தி ஆளாகவே ஏறி இறங்கினாள். தன்னை வணங்குகிறாள் என்று நினைத்த தலைவர் மனம் இளகிவிட்டார்.

"அம்மா, இந்த வாரியம் யாருக்காக?" என்று உயரத்திலிருந்து தொடங்கினார். "உங்களுக்காக! மற்ற வாரியங்கள் மக்கள் சொல்வதைக் கேட்கின்றன. நாங்கள் அந்தத் தவறைச் செய்வதில்லை. மக்கள் எதையாவது சொல்லிவிடுவார்கள். வாய் இருக்கிறது, சொல்கிறார்கள். ஆனால் விரல் பொய் சொல்லாது! விரலின் குரலே வாரியத்தின் வேதம்!"

அதிகாரி கைதட்ட முயன்று டீயைச் சிந்தினார்.

"எனக்குக் கழுத்து திரும்பாதுங்க" என்றாள் அக்கா. "கேமரா இல்லாட்டி பின்னால போக முடியாது."

"ஏன் பின்னால் போக வேண்டும்?" தலைவர் கீழே வந்துகொண்டிருந்தார். "ஓட்டுநர்கள் முன்னேற வேண்டும் என்பதுதான் எங்கள் கொள்கை. பின்னால் பார்ப்பதற்கென்று ஒரு கருவி வைத்து நாமே அதை ஊக்குவிக்கலாமா?"

"எங்க ஸ்டாண்டு சந்துக்குள்ள இருக்குங்க. முன்பக்கமா நுழைச்சு நிறுத்தினா பின்னால வரணும். பின்பக்கமா நிறுத்தணும்னா அப்பவும் பின்னாலதான் போகணும். நீங்க உங்க காரை எப்படிங்க வெளிய எடுப்பீங்க?"

"எனக்கா? எனக்குக் கார் ஓட்டத் தெரியாது."

"இவருக்கு?"

"அவருக்கும் தெரியாது. வாரியத்தில் ஒருவருக்கும் தெரியாது" என்றார் தலைவர், மறுபடி மேலே போய்க்கொண்டே. "தெரிந்தால் இது பிடிக்கும், அது பிடிக்காது என்று ஒரு சாய்வு வந்துவிடும். நடுநிலையை நாங்கள் காரையே தொடாமல் காப்பாற்றுகிறோம்!"

அதற்கு மேல் அக்காவால் முடியவில்லை. வெள்ளிக்கிழமைக்கு இடையில் ஒரே ஒரு நாள் இருந்தது. முழங்கால் வேறு வலித்தது. ஏறி இறங்குவதை நிறுத்திவிட்டு, எதிரே தெரிந்த இடத்தைப் பார்த்துப் பேசினாள். அது ஒரு சமயம் தலைவரின் மூக்காகவும் ஒரு சமயம் செருப்பாகவும் இருந்தது.

"ஏங்க, இந்தக் காருல எனக்கு உபகாரமா இருக்கறது அது ஒண்ணுதாங்க. அது கத்தறதில்ல. உபதேசம் பண்றதில்ல. தூங்கறியா, டீ குடிக்கிறியான்னு நோண்டறதில்ல. வேணுங்கறப்ப வருது, வேலை முடிஞ்சா போயிடுது. வீட்டுல ஒரு நல்ல மனுஷன் இருக்கற மாதிரி அது பாட்டுக்கு இருக்கு. அது தப்பா? அதுவும் அந்த அலாரம் மாதிரி காது கிழியக் கத்தி, நான் அது வாயப் பொத்தினாத்தான் வெச்சிருப்பீங்களா? அப்ப கத்தச் சொல்லுங்க! நல்லாக் கத்தச் சொல்லுங்க! வேற யாரும் கெடைக்காட்டி நீங்களே உள்ள உக்காந்து கத்துங்க!"

நாற்காலி நின்றது. அவள் வந்ததிலிருந்து முதல் தடவையாக நின்றது.

"நானா?" என்றார் தலைவர்.

அதிகாரி டீயையும் பேனாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என் குரலிலா?"

அதிகாரி டீயைத் தரையில் வைத்துவிட்டு எழுத ஆரம்பித்தார். "பொதுமக்கள் கோரிக்கை" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். "தலைவரின் குரல் வேண்டும் என்று... மன்றாடி..."

"நான் எங்கீங்க மன்றாடினேன்?"

"உருக்கமாக" என்று சேர்த்துக்கொண்டார் அதிகாரி.

தலைவர் தொண்டையைச் செருமிப் பார்த்துக்கொண்டார். அது திருப்தியாக இருந்ததுபோலத் தெரிந்தது.

"மக்களுக்கு என்ன வேண்டும் என்று இப்படி நேரில் வந்து யாராவது சொன்னால்தானே தெரியும்?" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை அக்கா ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்து ரிவர்ஸ் போட்டாள். புருஷன் வேலைக்குப் போகாமல் பக்கத்தில் நின்றார்.

திரை இருட்டாகவே இருந்தது. பிறகு ஒரு செருமல் கேட்டது.

"அன்பார்ந்த ஓட்டுநரே! நீங்கள் பின்னோக்கிச் செல்ல எண்ணியுள்ள இந்தத் தருணத்தில், உங்கள் வாரியத் தலைவர் என்ற முறையில் ஓரிரு வார்த்தைகள். பின்னோக்கிச் செல்வது என்றால் என்ன? ஆழ்ந்து நோக்குமிடத்து..."

திரையின் நடுவில் சிவப்பாக ஒரு பொத்தான் எழுந்தது. அதில் 'போதும்' என்று எழுதியிருந்தது. அக்கா பாய்ந்து அழுத்தினாள். குரல் அறுந்தது. கேமரா வந்தது. பின்னாலிருந்த தெரு, எதிர்வீட்டுக் குப்பைத்தொட்டி, ஒரு பூனை, எல்லாம் துல்லியமாகத் தெரிந்தன.

"இருக்குங்க!" என்றாள். "எடுக்கல, இருக்குங்க!"

"எடுக்கலதான்" என்றார் புருஷன். "கூடவே ஒரு ஆளையும் வெச்சுட்டாங்க."

ஸ்டாண்டில் அன்று அவளுக்கு நல்ல வரவேற்பு இருந்தது. சந்து முழுக்க ஒவ்வொரு காரிலிருந்தும் தலைவர் பேசிக்கொண்டிருந்தார்.

"அக்கா, உனக்குக் கழுத்துதான் போச்சு, எங்களுக்குக் காதையும் எடுத்துட்டியே!" என்றார் மீசை அண்ணன். "கேமரா வேணும்னு கேளுன்னா, இந்த ஆளை எதுக்குக் கூட்டிட்டு வந்தே?"

"நானா கூட்டிட்டு வந்தேன்? கோவத்துல ஒரு வார்த்த சொன்னேன் அண்ணே!"

"வாரியத்துல கோவப்படலாமா? அங்க போய் எரிஞ்சு விழறதெல்லாம் மனு ஆயிடும்னு தெரியாது?"

"கேமரா இருக்கா, இல்லியா?"

"இருக்கு."

"பின்னால தெரியுதா?"

"அந்தாள அமுக்கினாத் தெரியுது" என்று முனகிவிட்டு, கார் மறுபடி பூட்டிக்கொண்டதால் அவர் தன் மனைவியின் முகத்துக்காகக் காத்திருக்கப் போனார்.

அடுத்த மாதம் முடிவுகள் வந்தன. நாட்டிலுள்ள அத்தனை வாகனங்களிலும், அத்தனை வசதிகளிலும், கோடு தாண்டல் எச்சரிக்கையையே பின்னுக்குத் தள்ளி, மிகவும் பயனுள்ளதாகத் தேர்வானது தலைவரின் உரை. நன்றி தெரிவிப்புக் கூட்டத்தில் அவர் கண் கலங்கினார். "நான் இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் மக்கள் ஓடிவந்து தொட்டுவிடுகிறார்கள். இந்த அன்புக்கு நான் என்ன கைமாறு செய்வேன்? மழைக்காலம் வருகிறது. வைப்பரிலும் பேசலாம் என்றிருக்கிறேன்" என்றார்.

புருஷன் அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு, "எங்க கடையிலயும் ஒரு ஜோடி இருக்கு" என்றார். "வர்றவங்க எல்லாரும் போட்டுப் பாத்துட்டு அப்பவே கழட்டிடுவாங்க. இவங்க கணக்குல அதுதான் நாட்டுலேயே நல்ல செருப்பு."

"வெளிய சொல்லிடாதீங்க" என்றாள் அக்கா. "நாளைக்கே எல்லாரையும் அதப் போடச் சொல்லிடுவாங்க."

லைசென்சு புதுப்பித்து வந்துவிட்டது. 'பின்பக்கக் கேமரா உள்ள வாகனம் மட்டும்' என்ற வரி அதில் அப்படியே இருந்தது. அன்றைய முதல் சவாரி, காலில் கட்டுப் போட்ட ஒரு அம்மாள். ஊன்றுகோலை நெடுக்காக வைத்துக்கொண்டு பின்சீட்டில் சாய்ந்திருந்தாள். அக்கா ரிவர்ஸ் போட்டதும் செருமல் கேட்டது.

"அன்பார்ந்த ஓட்டுநரே! பின்னோக்கிச் செல்ல எண்ணியுள்ள..."

"யாருங்க அது, இவ்வளவு அழகாப் பேசறாரு?" என்று கேட்டாள் அந்த அம்மாள்.

"வாரியத் தலைவருங்க."

"பாவம், ஏதோ முக்கியமாச் சொல்ல வர்றாரு போல. என்ன சொல்றாரு?"

"யாரும் இதுவரைக்கும் கேட்டதில்லீங்க" என்ற அக்கா, விரலைத் திரையை நோக்கிக் கொண்டுபோனாள். "அவர் வாயை மூடினாத்தான் பின்னாடி என்ன இருக்குன்னு தெரியும்."